இழிபெயர் சொல்லி அழைக்க அனுமதி உண்டா?





கடந்த காப்பிப் பருவத்தில் ஏற்காட்டில் நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஏரியிலிருந்து எழுந்த பனி கடைவீதிவரை வந்துவிட்ட ஒரு மாலை நேரம். அஸர் தொழுதுவிட்டு, நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரரின் மளிகைக் கடையில் சீனி வாங்க நின்றிருந்தேன். கல்லாவில் அவருடைய மகன் இருந்தான். கல்லூரியில் படிக்கிற பிள்ளை. ஐவேளையும் தொழுகிற பிள்ளை.

எனக்கு முன்னால் ஒரு பெரியவர். சேர்வராயன் மலையின் உள்கிராமம் ஒன்றிலிருந்து வருகிறவர். எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறித்த கூலியில் அரிசியும் எண்ணெயும் வாங்கினார். மீதிப் பணத்தை உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை எண்ணிவிட்டு, "பத்து ரூபா கொறையுது தம்பி" என்றார். பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "யோவ் காட்டான், ஒனக்கெல்லாம் கணக்குத் தெரியுமா? போய்யா" என்றான். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். பையைத் தோளில் போட்டுக்கொண்டு பனிக்குள் இறங்கிப் போய்விட்டார்.

நானும் அங்கேதான் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

கூட்டம் கலைந்த பிறகுதான் வாய் திறந்தேன். "ஏன் தம்பி அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் தயங்கவில்லை. "காட்டுல இருக்கிறவரக் காட்டான்னு சொன்னா தப்பா ஹஸ்ரத்? விளையாட்டுக்குத்தான சொன்னேன்? அவரே சிரிச்சாரே! அவங்க ஆளுங்களுக்குள்ள இதவிட மோசமாப் பேசிக்குவாங்க" என்றான்.

சகோதரர்களே! இந்தப் பிள்ளை சொன்ன பதிலில் மூன்று நியாயங்கள் இருக்கின்றன. ஒன்று, நான் உண்மையைத்தானே சொன்னேன் என்பது. இரண்டு, விளையாட்டுக்குத்தானே சொன்னேன் என்பது. மூன்று, அவர்களே சொல்லிக்கொள்கிறார்களே என்பது. ஓர் இனத்தை, ஒரு சாதியை, ஒரு மக்களைத் தாழ்த்தும் பெயரை வாயில் வைத்திருக்கிற எவரைக் கேட்டாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் சொல்வார். ஆகவே இந்த வாரம் இந்த மூன்றையும் எடுத்துப் பார்ப்போம். இழிபெயர் சொல்லி ஒருவரை அழைக்க இன்றைக்கு எங்கேனும் அனுமதி உண்டா?

கூலி என்ற நம் சொல்

முதலில் ஒரு சொல்லின் கதையைக் கேளுங்கள். அது நம்முடைய சொல்: கூலி.

இந்த மேடையில் வாரம் தவறாமல் நாம் உச்சரிக்கிற சொல் இது. குர்ஆனின் 'அஜ்ர்' என்ற சொல்லைத் தமிழ் மொழிபெயர்ப்புகள் 'கூலி' என்றுதான் தருகின்றன. நல்லறத்துக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு என்கிறோம். மக்களிடம் நான் கூலி கேட்கவில்லை, என் கூலி இறைவனிடமே என்று நூஹ், ஹூத், ஸாலிஹ், லூத், ஷுஐப் (அலை) ஆகியோர் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னதை 26-வது அத்தியாயத்தில் ஓதுகிறோம். மூஸா (அலை) அவர்கள் மத்யனில் எட்டோ பத்தோ ஆண்டு என்று பேசிக்கொண்டு கூலிக்கு வேலை பார்த்தார்கள். நம் நபி (ஸல்) அவர்களும் மக்காவாசிகளின் ஆடுகளைச் சிறு கூலிக்கு மேய்த்ததாகப் புகாரியில் பதிவாகியுள்ளது. நம் மொழியில் இந்தச் சொல்லுக்கு மாசில்லை. 2025-ல் ஒரு பெரிய நடிகரின் திரைப்படத்துக்கு இதுவே தலைப்பாக இருந்தது; யாருடைய காதும் கூசவில்லை.

இதே சொல் கடல் தாண்டியபோது என்ன ஆனது? ஆங்கிலத்தில் உள்ள அந்தச் சொல்லுக்கு மூலம் குஜராத்தின் கோலி சமூகத்தின் பெயரா, நம் 'கூலி'யா என்று அறிஞர்களிடம் இரு கருத்து உண்டு. ஆனால் அந்தப் பெயரைச் சுமந்த தோள்களில் நம் மக்களின் தோள்கள் ஏராளம் என்பதில் இரு கருத்து இல்லை. 1834 முதல் மொரீஷியஸுக்கும், பிறகு நேட்டாலுக்கும், ஃபிஜிக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் நம் மக்களை இறக்கியது. சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து கங்காணிமார்கள் இலங்கையின் மலைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தார்கள்.

நம் சேர்வராயன் மலையின் கதையும் இதற்கு வெகுதூரமில்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். காப்பி வந்ததும் தோட்டம் வந்தது. தோட்டத்தோடு மேஸ்திரியும், வரிசை வீடுகளும், துரையும் வந்தார்கள். துரையின் பேரேட்டில் மனிதனுக்குப் பெயர் வேண்டியதில்லை, தலைக்கணக்கு போதும். அப்படித்தான் வேலைக்குத் தருகிற பணத்தின் பெயர் வேலை செய்கிற மனிதனின் பெயராயிற்று. பிறகு அவனுடைய இனத்தின் பெயராயிற்று. தென்னாப்பிரிக்காவில் இந்தியர் யாராயிருந்தாலும் கூலிதான். 1893-ல் அங்கே போன காந்திகூட 'கூலி பாரிஸ்டர்' என்றே அழைக்கப்பட்டார்.

இங்கே நாம் வெட்கத்தோடு கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அப்போது அங்கே வாணிபம் செய்த நம் முஸ்லிம் வணிகர்களில் பலர் தங்களை 'அரபிகள்' என்று சொல்லிக்கொண்டார்கள். 'நான் கூலி அல்ல, அரபி' என்று சொல்லி இழிபெயரிலிருந்து விலகிக்கொண்டார்கள். காந்தி தம் சுயசரிதையில் இதைக் குறிப்பிடுகிறார். அவர்கள் விலகியதால் அந்தச் சொல் மறைந்துவிடவில்லை. கரும்புத் தோட்டத்தில் நின்ற ஏழையின் மீது முன்னைவிட அழுத்தமாக விழுந்தது, அவ்வளவுதான். இழிபெயரால் காயப்பட்டவர்கள் எல்லோரும் அதனால் பாடம் கற்றுவிடுவதில்லை. காந்தியேகூட அந்த ஆரம்பகால எழுத்துகளில் ஆப்பிரிக்க மக்களை அவர்களுக்குரிய இழிபெயரால் குறிப்பிட்டிருக்கிறார். அது என்ன சொல் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது.

உண்மையைத்தானே சொன்னேன்?

இப்போது முதல் நியாயத்துக்கு வருவோம். காட்டில் வாழ்கிறவரைக் காட்டான் என்றால் என்ன தவறு?

ஏற்காடு என்ற பெயரிலேயே ஏரியும் காடும் இருக்கின்றன. இந்த மலையில் வீடு வைத்திருக்கிற எல்லோரும் காட்டில் வாழ்கிறவர்கள்தாம். பங்களாவில் இருக்கிற எஸ்டேட் முதலாளியை யாராவது காட்டான் என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஹோட்டல் நடத்துகிறவரை? கல்லாவில் இருக்கிற அந்தப் பிள்ளையை? இல்லை. காட்டுக்குள் இருக்கிற எல்லோரிலும் ஒருவரை மட்டும் தேடிப் போய் அந்தச் சொல் ஒட்டுகிறது என்றால், அது காட்டைப் பற்றிய சொல் அல்ல.

இந்த மலையின் பழங்குடி மக்களுக்குச் சொந்தப் பெயர் இருக்கிறது. மலையாளி என்பது அவர்களின் பெயர். கேரளத்தார் என்ற பொருளில் அல்ல. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில். தமிழ்தான் பேசுகிறார்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களின் வாய்மொழி வரலாறு சொல்கிறது. அரசின் பழங்குடிப் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறது. ஏற்காடு சட்டமன்றத் தொகுதியே பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. நமக்கு முன்பே இந்த மலையில் இருந்தவர்களின் பெயர் தெரிந்திருந்தும் நாம் வேறு பெயர் வைத்தோம்.

சரி, சொன்னது உண்மையே என்று வைத்துக்கொள்வோம். அபூதர் (ரலி) அவர்கள் ஒரு மனிதரோடு வாக்குவாதப்பட்டபோது அவருடைய தாயைச் சொல்லிப் பழித்துவிட்டார்கள். அந்தத் தாய் அரபியர் அல்லாதவர். ஆக, அபூதர் சொன்னது பொய் அல்ல. ஆனால் நபி (ஸல்) அவர்கள் அது உண்மையா என்று விசாரிக்கவில்லை. தாயைச் சொல்லியா அவரை இழிவுபடுத்தினீர் என்று கேட்டார்கள். உம்மிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் இருக்கிறது என்று கண்டித்தார்கள். உங்கள் பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதையே உண்ணக் கொடுங்கள், உடுப்பதையே உடுக்கக் கொடுங்கள் என்று போதித்தார்கள். பல காலம் கழித்து ரபதா என்ற ஊரில் அபூதரைப் பார்க்க வந்த ஒருவர், எஜமானும் பணியாளரும் ஒரே மாதிரி ஆடை அணிந்திருப்பதைக் கண்டு வியந்து காரணம் கேட்டார். அப்போது அபூதர் தம் தவற்றைத் தாமே சொன்னார்கள். ஒரு சொல்லுக்கான தவ்பா ஆயுள் முழுக்க அவர்களின் உடுப்பில் இருந்தது. இது புகாரியில் உள்ள செய்தி.

நம் நாட்டுச் சட்டமும் இதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பாதுகாப்பு தருகிறது. பலர் காணும் இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அவர்களை அவமதிப்பதும், சாதிப் பெயர் சொல்லித் திட்டுவதும் குற்றம். 2011 ஏப்ரல் 19 அன்று, தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றின் தகராறு குறித்த ஆறுமுகம் சேர்வை வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. நீதிபதிகள் சொன்னதன் சாரம் இதுதான்: அது ஒரு சாதியின் பெயர் என்பது உண்மையே, ஆனாலும் இழிவுபடுத்தும் எண்ணத்தோடு அதைச் சொல்வது குற்றம். அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் குறித்த இழிசொல் ஒரு காலத்தில் சாதாரணமாகப் புழங்கியிருந்தாலும் இன்றைக்கு ஏற்க முடியாதது என்பதையும் அவர்கள் ஒப்பிட்டுக் காட்டினார்கள். பெயர்தானே, பட்டியலில் உள்ளதுதானே என்ற வாதம் அங்கே நிற்கவில்லை.

இன்னும் ஒரு செய்தி. 'காலனி' என்பது குடியிருப்பைக் குறிக்கும் வெறும் சொல். நகரத்தில் அதிகாரிகளும் காலனியில்தான் வசிக்கிறார்கள். ஆனால் கிராமத்தில் 'காலனிக்காரன்' என்று சொல்லும்போது அந்தச் சொல்லின் உள்ளே தீண்டாமை உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆவணத்திலிருந்து அழிப்பது நல்ல காரியம். ஆனால் நெஞ்சிலிருந்து அழியாவிட்டால், நாளைக்கு இன்னொரு நல்ல சொல்லைத் தேடி எடுத்து நாக்கு அதையும் அழுக்காக்கிவிடும்.

விளையாட்டுக்குத்தானே சொன்னேன்?

குர்ஆனின் 49-வது அத்தியாயத்தில் 11-வது வசனத்தைத் திறந்து பாருங்கள். பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைத் தடுப்பதற்கு முன்பே அல்லாஹ் பரிகாசத்தைத் தடுக்கிறான். ஒரு சமூகம் மற்றொரு சமூகத்தைக் கேலி செய்ய வேண்டாம். கேலி செய்யப்படுகிறவர்கள் மேலானவர்களாக இருக்கக்கூடும் என்கிறான். விளையாட்டுக்குச் சொன்னேன் என்பது தப்பிக்கும் வாசல் அல்ல; வசனம் முதலில் அடைத்த வாசலே அதுதான்.

ஆனால் அவர் சிரித்தாரே? ஆம், சிரித்தார். அடுத்த வாரமும் அதே கடைக்கு வர வேண்டியவர், கணக்கில் பாக்கி இருக்கக்கூடியவர், இரண்டு பேர் சிரிக்கும்போது தனியாக நிற்கிறவர் வேறு என்ன செய்வார்? நம்மைப் பற்றிக் கேலி எழும்போது நாம் எத்தனை இடத்தில் இப்படிச் சிரித்திருக்கிறோம்? பேருந்தில், அலுவலகத்தில், வீடு வாடகைக்குக் கேட்டுப் போன இடத்தில் 'துலுக்கன்' என்ற சொல் காதில் விழும்போது, கேட்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு லேசாகச் சிரித்து வைக்கவில்லையா? அந்தச் சிரிப்புக்கு என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். நம் சிரிப்பின் பொருள் தெரிந்த நமக்கு, அந்தப் பெரியவரின் சிரிப்பு மட்டும் எப்படிப் புரியாமல் போயிற்று?

'துலுக்கன்' என்பதும் பிறக்கும்போதே வசையாகப் பிறந்ததல்ல. துருக்கியர் என்ற சொல்லின் வழி வந்தது. துலுக்கச் சாமந்தி என்று ஒரு பூவுக்குப் பெயர். ஸ்ரீரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியாருக்குத் தனிச் சந்நிதியே இருக்கிறது. அங்கே அந்தச் சொல்லில் அன்பு இருக்கிறது. அதே சொல் தெருவில் நம் முதுகுக்குப் பின்னால் வரும்போது அன்பு இல்லை. சொல் ஒன்றுதான். அது யாரை நோக்கி எதற்காக வருகிறது என்பது நெஞ்சுக்குத் தெரிந்துவிடுகிறது.

அவர்களே சொல்லிக்கொள்கிறார்களே?

மூன்றாவது நியாயம் கொஞ்சம் கடினமானது. அதில் பாதி உண்மை இருக்கிறது.

அலீ (ரலி) அவர்கள் ஒருநாள் பள்ளிவாசலில் படுத்திருந்தார்கள். மேலாடை நழுவி முதுகெல்லாம் மண். நபி (ஸல்) அவர்கள் வந்து தம் கையால் அந்த மண்ணைத் துடைத்துவிட்டு, 'அபூதுராப்' என்று செல்லமாக அழைத்து எழுப்பினார்கள். மண்ணின் தந்தை என்று பொருள். பிற்காலத்தில் அலீயை வெறுத்தவர்கள் அதே பெயரை மிம்பரில் நின்று பழிச்சொல்லாகச் சொன்னார்கள். ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களிடம் இதைச் சொன்னபோது அவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பெயரை வைத்தவர் நபியவர்களே. அலீக்கு அதைவிடப் பிரியமான பெயர் வேறில்லை என்று விளக்கினார்கள். இதுவும் புகாரியில் உண்டு.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. ஒன்று, எறியப்பட்ட சொல்லை எடுத்துத் தலையில் சூடிக்கொள்ளும் உரிமை உரியவருக்கு உண்டு. இலங்கையில் புத்தளம் பக்கம் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் தங்களைக் 'காப்பிரி' என்று தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். அது அவர்கள் உரிமை. இரண்டு, அந்த உரிமை எறிந்தவருக்குக் கிடையாது. அலீ விரும்பிய பெயர்தானே என்று சொல்லி மிம்பரில் பழித்தவர்கள் குற்றத்திலிருந்து தப்ப முடியுமா? காயம் பட்டவர் தன் காயத்தைத் தொட்டுப் பார்ப்பதால், அங்கே அடித்தவனுக்கு மீண்டும் அடிக்க அனுமதி வந்துவிடாது.

அந்தப் பிள்ளைக்கு இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். இலங்கைத் தேயிலை மலைகளில் நம் மக்களைத் 'தோட்டக்காட்டான்' என்று சொன்னார்கள். சொன்னவர்களில் தமிழ் பேசுகிறவர்களும் உண்டு. இன்று அம்மக்கள் அதை உதறிவிட்டு மலையகத் தமிழர் என்று தங்களுக்குத் தாங்களே பெயரிட்டுக்கொண்டார்கள். காட்டான் என்ற அந்த வாலைத்தான் நாம் ஏற்காட்டில் இன்னொருவருக்குக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நம் வாயில் இருக்கும் ஒரு சொல்

முன்பு சொல்லாமல் வைத்த சொல்லுக்கு வருகிறேன். தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை இழிவுபடுத்திய அந்தச் சொல், 'காஃபிர்'. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் முஸ்லிம் வணிகர்கள் முஸ்லிமல்லாதவரைக் குறிக்கப் பயன்படுத்திய அரபுச் சொல்லைப் போர்த்துகீசியர் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் வெள்ளைக் குடியேறிகள் அதைச் சாட்டையாக்கினார்கள். இன்று அந்நாட்டில் அச்சொல்லை எழுதவே தயங்குகிறார்கள். 2018-ல், கறுப்பினக் காவலரைப் பார்த்து அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப வீசிய ஒரு பெண்ணுக்கு நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. அந்தச் சொல்லை நான் இங்கே உங்களிடம் மறைக்காமல் எழுதுவதற்குக் காரணம், அது நம் வீட்டிலிருந்து போனது.

அகீதா நூலில் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பக்கத்துக் கடைக்காரரை, கூடப் படிக்கிற பிள்ளையை, நம் கட்டடத்துக்கு மண் சுமக்க வந்தவரைப் பற்றி வெறுப்போடு அந்தச் சொல்லை உதிர்க்கிறோமே, அது எந்த அகீதா? தம்மை ஏற்க மறுத்த மக்களை நபிமார்கள் எப்படி அழைத்தார்கள் என்று பாருங்கள். என் சமூகத்தாரே என்றுதான் நூஹ் (அலை) அழைத்தார்கள். மனிதர்களே என்றுதான் குர்ஆன் உலகைக் கூப்பிடுகிறது. 109-வது அத்தியாயம் அந்தச் சொல்லோடு தொடங்குகிறதே என்று கேட்கலாம். மார்க்கத்தில் பேரம் பேச வந்த குறைஷித் தலைவர்களுக்கான பதில் அது. ஏழை அண்டைவீட்டாரை அழைக்க நமக்குத் தரப்பட்ட பெயர் அல்ல. இந்தோனேசியாவின் நஹ்தத்துல் உலமா அமைப்பு 2019-ல் பஞ்சார் நகரில் கூடியபோது, முஸ்லிமல்லாத சக குடிமக்களை அச்சொல்லால் அழைக்க வேண்டாம், குடிமக்கள் என்றே சொல்லுங்கள் என்று முடிவு செய்தது. நம்மைத் துலுக்கன் என்று சொல்வது நமக்கு வலிக்கிறது என்றால், நம் வாயிலிருந்து போகிற சொல்லும் வலிக்கும்.

அப்படியானால் எங்கேதான் அனுமதி?

இழிபெயரை வாயால் உச்சரிப்பது எல்லா இடத்திலும் குற்றம் என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றம் தீர்ப்பெழுத அந்தச் சொல்லை எழுதித்தான் ஆக வேண்டும். அநீதி இழைக்கப்பட்டவர், என்னை இன்ன சொல்லால் திட்டினார்கள் என்று சாட்சி சொல்லத்தான் வேண்டும். காயத்தின் பெயரைச் சொல்லாமல் மருந்து கேட்க முடியாது. வரலாற்றைக் கற்பிக்கிறவருக்கும் அந்தத் தேவை உண்டு. பட்டப்பெயராலேயே அறியப்பட்ட ஹதீஸ் அறிவிப்பாளர்கள் இருக்கிறார்கள்: கண் மங்கியவர் என்ற பொருளில் அஃமஷ், நொண்டியானவர் என்ற பொருளில் அஃரஜ். அடையாளம் காட்ட வேண்டி, இழிவு நோக்கமின்றி அப்படிச் சொல்லலாம் என்றும், வேறு பெயரால் அடையாளம் காட்ட முடியுமானால் அதுவே மேல் என்றும் இமாம் நவவீ (ரஹ்) எழுதியிருக்கிறார்கள்.

ஆகவே என் பதில் இதுதான். இழிபெயரைப் பற்றிப் பேசத் தேவைக்கு அனுமதி உண்டு. தன்மீது எறியப்பட்டதை எடுத்துச் சூடிக்கொள்ள உரியவருக்கு உரிமை உண்டு. ஆனால் இன்னொருவரை அதனால் அழைக்க, கோபத்திலும் இல்லை, கேலியிலும் இல்லை, உண்மை என்ற பெயரிலும் இல்லை, எந்த இடத்திலும் அனுமதி இல்லை. இந்த உரையில் கூலி, துலுக்கன் என்று எழுதினேன். அவை நம்மீது விழுந்தவை. காஃபிர் என்று எழுதினேன். அது நாம் எறிந்தது, கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம். காட்டானையும் அதே கணக்கில்தான் எழுதினேன். உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் உள்ள சாதிச் சொல்லை எழுதவில்லை. இங்கே அதற்குத் தேவை இல்லை, அதை எடுத்துப் புழங்கும் உரிமையும் எனக்கு இல்லை.

பட்டப்பெயரைத் தடுத்த வசனத்துக்கு இரண்டு வசனம் தள்ளி, 13-வது வசனத்தில், மக்களைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளத்தான் என்கிறான் அல்லாஹ். இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். பெயர் என்பது அறிந்துகொள்வதற்கு. இழிபெயர் என்பது அறியாமலே இருந்துவிடுவதற்கு.

இது எனக்கு அந்தக் கடையில்தான் புரிந்தது. பெரியவர் போன பிறகு கல்லாவை எண்ணிப் பார்த்தோம். பத்து ரூபாய் அதிகம் இருந்தது. அவர் கணக்கு சரி. அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. அவன் தகப்பனார் பத்து ரூபாயை ஒரு கவரில் போட்டு வைத்தார். நாகலூர்ப் பக்கமா, மஞ்சக்குட்டைப் பக்கமா, ஊருக்குப் போய்த் தேடிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று முடிவானது. கவரின் மேல் பெயர் எழுதப் பேனாவை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். பத்து வருடத்துக்கு மேலாக வருகிற வாடிக்கையாளர். கடையில் ஒருவருக்கும் அவர் பெயர் தெரியவில்லை. மலைக்குப் போய் என்ன பெயர் சொல்லி விசாரிப்பது? நமக்குத் தெரிந்த ஒரே பெயர், அந்த ஊரில் வாய்விட்டுச் சொல்ல முடியாத பெயர்.

சகோதரர்களே! மறுமையில் தொழுகை, நோன்பு, ஸகாத்தோடு வந்தும் ஓட்டாண்டியாகிப் போகிறவனைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அவன் செய்த குற்றப் பட்டியலில் முதலில் வருவது, இன்னாரைத் திட்டியிருந்தான் என்பதே. அவனுடைய நன்மைகள் எடுத்து அவர்களுக்குக் கொடுக்கப்படும். அடியாரின் உரிமையை அடியார்தான் மன்னிக்க வேண்டும். அந்தப் பெரியவரிடம் பிள்ளைக்குக் கடன் இருக்கிறது. சீனி வாங்க நின்று வாய்மூடியிருந்த எனக்கும் இருக்கிறது. வரும் ஞாயிறு நாங்கள் மூவரும் மலைக்கிராமங்களுக்குப் போகிறோம். ஊர் ஊராக, ஆளைச் சொல்லி, அடையாளத்தைச் சொல்லிக் கேட்போம்.

நீங்கள் செய்ய வேண்டியது அவ்வளவு கடினமல்ல. உங்கள் கடைக்கு, வீட்டுக்கு, தோட்டத்துக்கு வருகிற ஒருவரின் பெயர் உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். இன்றைக்குக் கேளுங்கள். "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டு, அடுத்த முறை அந்தப் பெயரால் அழையுங்கள்.

நம் நாவுகளை வல்ல ரஹ்மான் தூய்மையாக்குவானாக! நம் நாவால் காயப்பட்டவர்களின் உள்ளங்களைக் குளிரச் செய்து, அவர்களிடம் மன்னிப்புப் பெறும் நற்பேற்றை இந்த உலகிலேயே நமக்குத் தருவானாக! ஆமீன்.